மூடுபனிக் கரையின் மக்கள்

கி.பி. 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், வட அட்லாண்டிக் மாகடலின் மேற்குக் கரையில் ஒரு பாறைக் குன்றின்மேல் மார்க்கோனி என்னும் இத்தாலிய இளைஞர் தம் கருவியைக் காதோடு சேர்த்து அமர்ந்திருந்தார். வெளியே கடுங்காற்று வீசியது. அக்காற்றில் ஒரு பெரிய காற்றாடியைப் பறக்கவிட்டு, அதனோடு ஒரு கம்பியையும் வானில் உயர்த்தியிருந்தனர். ஏறத்தாழ 3,400 கிலோமீட்டருக்கு அப்பால், இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலிருந்து அனுப்பப்பட்ட மூன்று சிற்றொலிகள் தம் காதில் விழுந்தன என்று அவர் உலகிற்கு அறிவித்தார். வானொலியின் வரலாற்றில் முதற்பக்கங்களில் இடம்பெற்றுவிட்ட அக்குன்றுக்குச் சிக்னல் குன்று என்று பெயர். அது நிற்கும் தீவு நியூபவுண்ட்லாந்து. ‘புதிதாகக் கண்ட நிலம்’ என்பது அப்பெயரின் பொருள்.

மார்க்கோனியை உலகம் அறியும். அக்குன்றின் அடியில், பாறைகளின் இடுக்குகளில், மூடுபனிக்குள் வாழ்ந்த மீனவர்களை உலகம் அவ்வளவாக அறியாது. அவர்களைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன். மாணவ நண்பர்களே, அவர்களுடைய ஐந்நூறு ஆண்டு வரலாற்றைப் படிக்கும்போது ஒரு செய்தி மீண்டும் மீண்டும் என் கண்முன் வந்து நிற்கிறது. அக்கரையையும் கடலையும் நன்கு அறிந்தவர்கள் ஒரு சாரார். அவற்றைப் பற்றி முடிவு செய்தவர்கள் வேறொரு சாரார். இவ்விரு சாராரும் ஒன்றுபடாமல் இருந்ததால் விளைந்த துன்பமே அவ்வரலாற்றின் பெரும்பகுதி எனலாம்.

முதலில் நிலத்தின் இயல்பைக் காண்போம். நியூபவுண்ட்லாந்து வட அமெரிக்காவின் கிழக்கு முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பெருந்தீவு. இலங்கையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. அதன் வடமேற்கே ஒரு குறுகிய நீரிணைக்கு அப்பால் லாப்ரடார் என்னும் குளிர்ந்த பெருநிலம் கிடக்கிறது. தீவின் கரை நேர்க்கரை அன்று. மலைகள் செங்குத்தாகக் கடலில் இறங்க, கடல் எண்ணற்ற கைகளாக நிலத்திற்குள் புகுந்து கிடக்கிறது. உள்நாட்டில் சதுப்பும் ஊசியிலைக் காடும் பாறையும் மிகுதி. உழுது பயிரிடத்தக்க மண் மிகக் குறைவு. ஆகவே மக்கள் நிலத்திற்கு முதுகையும் கடலுக்கு முகத்தையும் காட்டியே குடியேறினர்.

தலைநகரான செயின்ட் ஜான்ஸ் இலண்டனுக்கும் பாரிசுக்கும் தெற்கே உள்ள அகலாங்கில் இருக்கிறது. அப்படியிருந்தும் வேனிற்காலத் தொடக்கத்தில் அதன் துறைமுக வாயிலுக்கு எதிரே பனிமலைகள் மிதந்து செல்வதைக் காணலாம். வடதுருவத்தின் பக்கமிருந்து இறங்கிவரும் லாப்ரடார் நீரோட்டமே இதற்குக் காரணம். தெற்கிலிருந்து வரும் வளைகுடா நீரோட்டமோ வெப்பமானது. வெப்ப நீரின்மேல் தவழ்ந்து ஈரம் நிறைந்த காற்று, குளிர்ந்த நீரின்மேல் வந்து சேர்ந்ததும் அதிலுள்ள ஈரம் நுண்ணிய துளிகளாகத் திரண்டு மூடுபனியாகிறது. தென்கரையில் ஆர்ஜென்சியா என்ற துறையில் ஓராண்டில் 200 நாட்களுக்கு மேல் மூடுபனி காணப்படுகிறது. ஈரமும் மங்கலுமாக இருக்கும் இத்தகைய வானிலையை அத்தீவினர் ‘மாசி’ என்று ஒலிக்கத்தக்க ஒரு சொல்லால் குறிப்பர். நம்முடைய மாசிப் பனிக்கும் அச்சொல்லுக்கும் எவ்வித உறவும் இல்லை. ஒலி ஒத்திருப்பது தற்செயலே.

தீவின் தென்கிழக்கே கிராண்ட் பாங்க்ஸ் என்னும் பரந்த கடல்திட்டுகள் உள்ளன. அங்கே கடல் ஆழம் குறைந்தது. நீரோட்டங்களின் கலப்பால் அடிநீரில் உள்ள சத்து மேலே வருகிறது; அதனால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன; அவற்றைத் தின்னும் கேப்லின் என்ற சிறுமீன்கள் கூடுகின்றன; அச்சிறுமீன்களைத் தேடிக் காட் என்னும் பெருமீன் வருகிறது. பிள்ளைகளுக்கு நோஞ்சான் உடம்பு தேறுவதற்காக மூக்கைப் பிடித்துப் புகட்டும் மீன் எண்ணெய் இம்மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்பெறுவதே. நியூபவுண்ட்லாந்தில் ‘மீன்’ என்று பொதுவாகச் சொன்னால் காட் மீன் என்றே பொருள். கலங்களைப் பாறையில் மோதச் செய்த பனியும், மக்களுக்குச் சோறு போட்ட மீனும், ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே காரணங்களால் பிறந்தவை என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பியருள் முதலில் இங்கு வந்தவர்கள் நார்வே மரபினர். 1960-ஆம் ஆண்டில் தீவின் வடமுனையில் லான்சே மெடோஸ் என்ற இடத்தில் அவர்களுடைய குடியிருப்பின் எச்சங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அங்குக் கிடைத்த மரத்துண்டுகள் கி.பி. 1021-இல் வெட்டப்பட்டவை என்று 2021-இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவர்கள் நெடுங்காலம் தங்கவில்லை. பின்னர் 1497-இல் ஜான் காபட் என்ற இத்தாலிய மாலுமி, இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் ஆணை பெற்று, பிரிஸ்டல் துறையிலிருந்து சிறு கப்பலொன்றில் புறப்பட்டு இப்பக்கம் வந்து திரும்பினார். அக்கடலில் வலைகூட வேண்டியதில்லை, கல் கட்டிய கூடையை இறக்கியே மீனை அள்ளலாம் என்ற செய்தி அப்பயணத்தின் வாயிலாக ஐரோப்பாவில் பரவியது. புதிய தீவைக் கண்டவருக்கு மன்னர் அளித்த பரிசு 10 பவுன். அதன் பின் ஆண்டுதோறும் போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் பாஸ்க் மக்களும் ஆங்கிலேயரும் அங்கே மீன் பிடிக்கச் சென்றனர்.

நெடுங்காலம் வரை அத்தீவில் மக்கள் நிலையாகக் குடியேறுவதை இங்கிலாந்தின் மேற்குப் பகுதி வாணிகர்கள் விரும்பவில்லை. வசந்தத்தில் கப்பலில் ஆட்களைக் கொண்டுபோய், கோடையில் மீன் பிடித்து, இலையுதிர் காலத்தில் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர்கள் திட்டம். ஒவ்வொரு துறையிலும் அந்த ஆண்டு முதலில் வந்து சேரும் கப்பலின் தலைவனே அத்துறைக்கு அந்தப் பருவம் முழுவதும் ‘மீன்பிடி அட்மிரல்’. அவன் எழுத்தறிந்தவனா, நீதி அறிந்தவனா என்று கேட்பார் இல்லை. வழக்குகளைத் தீர்ப்பவனும் அவனே. அவற்றுள் பலவற்றில் வாதியும் அவனே! 1699-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இம்முறைக்குச் சட்ட வடிவமும் தந்தது. இத்தனை தடைகளையும் மீறித் தென்மேற்கு இங்கிலாந்திலிருந்தும் தென்கிழக்கு அயர்லாந்திலிருந்தும் வந்த ஏழை மக்கள் குளிர்காலத்திலும் தங்கிவிட்டனர். அவர்கள் பேச்சில் அவ்விரு நாடுகளின் பழைய ஒலிகள் இன்றும் கேட்கின்றன.

ஆனால், அந்த நிலம் ஆளில்லாத நிலமன்று. பியோதுக் என்னும் பழங்குடியினர் அங்கே வாழ்ந்தனர். உடலிலும் உடைமைகளிலும் செங்காவி பூசிக்கொள்வது அவர்கள் வழக்கம். கோடையில் கடற்கரைக்கு வந்து மீனும் கடற்பறவையும் சீல் என்னும் கடல்நாயும் தேடுவர்; குளிர்காலத்தில் உள்நாட்டிற்குச் சென்று கரிபு மான் வேட்டையாடுவர். வெள்ளையர் குடியிருப்புகள் துறைதோறும் பெருகவே, கடலுக்கு வரும் வழிகள் ஒவ்வொன்றாக அவர்களுக்கு அடைபட்டன. கடல் இல்லாமல் உள்நாட்டு உணவு மட்டும் போதவில்லை. பசியும் காசநோயும் குடியேறியவர்களின் துப்பாக்கியும் சேர்ந்து அவ்வினத்தைத் தேய்த்தன. 1819-இல் டெமாஸ்டுவிட் என்ற பெண்ணைப் பிடித்துச் சென்றபோது, அவளை மீட்க முன்வந்த அவள் கணவன் கொல்லப்பட்டான். மறு ஆண்டே அவளும் காசநோயால் மாண்டாள். ஷானாடிதிட் என்ற மற்றொரு பெண், 1829-இல் செயின்ட் ஜான்ஸ் நகரில் அதே நோயால் இறந்தாள். தன் இனத்தின் கடைசி ஆள் என ஏடுகள் அவளையே குறிக்கின்றன. இறப்பதற்கு முந்திய மாதங்களில் கார்மாக் என்ற ஆராய்ச்சியாளருக்காக அவள் படங்கள் வரைந்து கொடுத்தாள். தன் மக்களின் குடில்கள், ஈட்டிகள், ஏரிக்கரையில் நிகழ்ந்த மோதல்கள் ஆகியவை அவற்றில் உள்ளன. ஓர் இனத்தின் அறிவெல்லாம் சில தாள்களில் அடங்கிவிட்டதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. டெமாஸ்டுவிட்டும் அவள் கணவனும் கல்லறையிலும் அமைதி காணவில்லை. அவர்களுடைய தலை எலும்புகள் ஸ்காட்லாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து, 2020-இல்தான் தாயகம் திரும்பின. மிக்மாக் என்ற மற்றொரு பழங்குடியினர் அத்தீவில் இன்றும் வாழ்கின்றனர்.

இனிக் கரையூர்களின் அன்றாட வாழ்க்கையைக் காண்போம். தலைநகருக்குப் புறம்பே இருந்த சிற்றூர்களைப் ‘புறத்துறைகள்’ என்ற பொருளுடைய சொல்லால் வழங்கினர். பத்து வீடு, இருபது வீடு, ஒரு மாதாகோவில், ஒரு வாணிகக் கிடங்கு. இவ்வளவே பல ஊர்கள். ஊருக்கு ஊர் சாலை இல்லை, கடலே சாலை. ஊர்ப்பெயர்கள் அம்மக்களின் வாழ்வைக் காட்டும். ‘மனநிறைவு’ என்று பொருள்படும் ஊரும் உண்டு; ‘பட்டினிக் கால்வாய்’ என்று பொருள்படும் பெயர் தாங்கியிருந்த ஊரும் உண்டு.

சூன் மாதத்தில் கேப்லின் மீன்கள் முட்டையிடுவதற்காக அலையோடு அலையாகக் கரையில் வந்து புரளும். மக்கள் அவற்றை வாளியால் அள்ளி, சிலவற்றை உலர்த்தி, சிலவற்றைத் தூண்டில் இரையாக்கி, மிகுந்ததை உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு எருவாக இடுவர். அவற்றைத் துரத்திக்கொண்டு காட் மீன் வரும். அன்றுமுதல் உறக்கம் குறையும். விடியுமுன் ஆண்கள் படகில் செல்வர். மீன் வந்து சேர்ந்ததும் கரையோர மேடையில் வேலை நடக்கும். ஒருவர் மீனின் கழுத்தை அறுத்து வயிற்றைத் திறப்பார். ஒருவர் தலையையும் குடலையும் நீக்கி ஈரலைத் தனியே போடுவார். ஒருவர் நடுவெலும்பை ஒரே வீச்சில் எடுப்பார். ஒருவர் உப்பிட்டு அடுக்குவார். பின்னர்க் கழிகளால் கட்டிய பரண்களில் மீனைப் பரப்பிக் காயவைக்க வேண்டும். இதுதான் கடினமான கலை. வெயில் மிகுந்தால் மீன் வெந்துவிடும். மழை பட்டால் அழுகும். பனி நீடித்தால் பூசணம் பிடிக்கும். காலையில் விரித்து, வானத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி, மாலையில் அடுக்கி மூடுவது பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. வீட்டு வேலை, குழந்தை, ஆடுமாடு, தோட்டம் ஆகியவற்றுக்கு நடுவே அவர்கள் செய்த இவ்வுழைப்பினாலேயே மீன் பண்டமாயிற்று. ஆயினும் வாணிகனின் பேரேட்டில் எழுதப்பட்ட பெயர் ஆணின் பெயரே.

உணவு எளிமையானது. கல்லைப்போல் இறுகிய கப்பல் ரொட்டியை இரவெல்லாம் ஊறவைத்து, உப்புமீனோடு வேகவைத்து, பன்றிக்கொழுப்பின் துண்டுகளை வறுத்து மேலே ஊற்றி உண்பர். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் நிலவறையில் குளிர்காலம் முழுவதும் பாதுகாக்கப்படும். சதுப்புகளில் விளையும் காட்டுப்பழங்களைச் சிறுவர் பறித்து வருவர். கிறிஸ்துமசை ஒட்டிய பன்னிரண்டு நாட்களில் ஆணும் பெண்ணும் வேடம் மாறி, முகத்தைத் துணியால் மறைத்து, மூச்சை உள்ளிழுத்தபடியே பேசிக் குரலையும் மாற்றி, வீடு வீடாகச் செல்வர். வந்தவர் யார் என்று வீட்டார் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் முகத்திரை விலகும், விருந்து நடக்கும். பொதுவழியில் இவ்வாறு முகம் மறைத்துத் திரிவதை 1861-இல் ஒரு சட்டம் தடுத்தது. புறத்துறைகளில் அவ்வழக்கம் நிற்கவில்லை.

மூடுபனிக்குள் அவர்கள் எவ்வாறு வழி கண்டனர்? காதால் கண்டனர் என்பதே விடை. ஒவ்வொரு பாறைமுனையிலும் அலை மோதும் ஒலி வேறுபடும். கூழாங்கல் கரையில் அலை இழுபடும் ஒலி ஒன்று; குகைக்குள் புகுந்து முழங்கும் ஒலி ஒன்று; செங்குத்துப் பாறையில் அறையும் ஒலி மற்றொன்று. இவ்வலையொலிக்கு அவர்கள் மொழியில் தனிப்பெயரே உண்டு. தேர்ந்த மீனவன் துடுப்பை நிறுத்தி, சற்றே செவி சாய்த்து, தான் எந்த முனைக்கு எதிரே இருக்கிறான் என்று சொல்லிவிடுவான். கிராண்ட் பாங்க்சில் தாய்க்கலத்தை விட்டுச் சிறு தோணியில் பிரிந்தவர்கள், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த சங்கை ஊதித் தம் இருப்பிடத்தை அறிவிப்பதும் உண்டு. பனிக்குள் ஒரு குரல் கேட்டால் பதில் கொடுக்காமல் இருப்பது அக்கடலில் பாவம்.

இத்தனை அறிவும் உழைப்பும் உடையவர்கள் ஏன் ஏழைகளாகவே இருந்தனர்? வாணிக முறையே காரணம். வசந்தத்தில் வாணிகன் உப்பு, வலை, மாவு, தேயிலை, துணி எல்லாவற்றையும் கடனாகக் கொடுப்பான். இலையுதிர் காலத்தில் மீனவன் தன் மீனையெல்லாம் அவனிடமே ஒப்படைக்க வேண்டும். கொடுத்த பொருளின் விலையைக் குறிப்பவனும் அவன். வாங்கும் மீனின் விலையைக் குறிப்பவனும் அவன். மீனைத் தரம் பிரிப்பவன் அவனுடைய ஆள். நல்ல தரம் தென்னைரோப்பாவுக்குச் செல்லும். கடைத்தரம் ‘மேற்கிந்தியம்’ என்ற பெயரோடு கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்தோர்க்குச் செல்லும். ஒரு கரையின் வறுமை மற்றொரு கரையின் அடிமைத்தனத்திற்குச் சோறாயிற்று. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் மீனவனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கடனே. வாழ்நாள் முழுவதும் மீன் பிடித்தும் கையில் காசைக் கண்டறியாதவர் பலர். இந்நிலையை எதிர்த்து 1908-இல் வில்லியம் கோக்கர் என்பவர் மீனவர் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். ‘அவரவர்க்கு உரியது அவரவர்க்கு’ என்பது அதன் கொள்கை. சில ஆண்டுகளில் உறுப்பினர் தொகை 20,000-ஐத் தாண்டியது. சங்கத்திற்கெனக் கடைகளும், செய்தித்தாளும், ஓர் ஊருமே தோன்றின.

அச்சங்கம் வளர்ந்துவந்த நாளில், 1914-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில், ஒரு பேரிடர் நிகழ்ந்தது. வசந்தத்தில் பனிப்பாளங்களின்மேல் கடல்நாய் வேட்டைக்குச் செல்வது வழக்கம். அவ்வாண்டு ‘நியூபவுண்ட்லாந்து’ என்ற கப்பலைச் சேர்ந்த 132 பேர் பனிப்பாளத்தின்மேல் புயலில் சிக்கினர். அவர்கள் மற்றொரு கப்பலில் ஏறியிருப்பர் என்று அவர்கள் கப்பல் நம்பியது. தம் கப்பலுக்கே திரும்பியிருப்பர் என்று மற்றக் கப்பல் நம்பியது. இரண்டு இரவுகள் அவர்கள் திறந்தவெளியில் நின்றனர். 78 பேர் மாண்டனர். ஒரே ஒரு கம்பியில்லாத் தந்திச் செய்தி அவர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் வருவாய் தரவில்லை என்ற காரணத்தால் அக்கப்பலிலிருந்த தந்திக் கருவியை அதன் உரிமையாளர் முன்னரே அகற்றியிருந்தனர். மார்க்கோனி சிக்னல் குன்றில் செய்தி கேட்டு 12 ஆண்டுகள் கழித்து இது நிகழ்ந்தது! கருவி கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் போதாது. அது யார் கையில் இருக்கிறது, யார் உயிருக்கு எவ்வளவு விலை மதிக்கப்படுகிறது என்பதும் வேண்டும்.

முதல் உலகப்போரில் இச்சிறு நாடு தன் இளைஞரைத் தாராளமாக அனுப்பியது. 1916 சூலை 1-ஆம் நாள் பிரான்சில் பூமாண்ட் ஆமெல் என்ற இடத்தில் அதன் படைப்பிரிவினர் ஏறத்தாழ 800 பேர் முன்னேறினர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் கொடுத்தவர் 68 பேர். போர்க்கடனும் இருப்புப்பாதைக் கடனும் சேர்ந்து நாட்டின் நிதியை முறித்தன. 1855 முதல் பொறுப்பாட்சி பெற்றிருந்த நியூபவுண்ட்லாந்து, 1934-இல் தன் சட்டமன்றத்தைத் தானே நிறுத்திவைத்து, கவர்னரும் நியமனம் பெற்ற ஆறு உறுப்பினரும் அடங்கிய குழுவின் ஆட்சிக்கு உட்பட்டது. உலக வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சி மிக அரிது. 15 ஆண்டுகள் அங்குத் தேர்தல் வாயிலாக அமைந்த சட்டமன்றமே இல்லை. 1946-இல் எதிர்காலத்தை ஆராயக் கூட்டப்பெற்ற மாநாட்டின் சொற்போர்களை வானொலி கரையூர்கள்தோறும் கொண்டு சென்றது. அம்மாநாட்டில் கனடாவோடு இணைய வேண்டும் என்று வாதாடிய ஸ்மால்வுட், முன்பே வானொலியில் ‘பீப்பாய்க்காரர்’ என்ற பெயரில் பேசிப் புகழ் பெற்றவர். பாய்மர உச்சியிலுள்ள பீப்பாய்க்குள் நின்று கடல்நாய்களைக் கண்டு சொல்பவனுக்கு அப்பெயர் வழங்கும். 1948-இல் நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் நூற்றுக்கு 52 பேர் இணைப்பை ஆதரித்தனர். 1949 மார்ச்சு 31-ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன் நியூபவுண்ட்லாந்து கனடாவின் பத்தாம் மாகாணமாயிற்று.

புதிய ஆட்சி குழந்தைகளுக்கு உதவித்தொகையும் முதியோர்க்கு ஓய்வூதியமும் கொண்டுவந்தது. பல வீடுகளில் பணம் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தது அப்போதுதான். பள்ளி, மருத்துவமனை, மின்விளக்கு ஆகியவற்றைச் சிதறிக்கிடந்த ஊர்கள் அனைத்துக்கும் கொண்டுசெல்ல இயலாது என்று அரசாங்கம் கருதியது. எனவே 1954 முதல் 1975 வரை ஏறத்தாழ 300 ஊர்களைச் சேர்ந்த 30,000 மக்கள் இடம் பெயர்க்கப்பட்டனர். முதலில் ஊரார் அனைவரும் இசைய வேண்டும் என்பது விதி. பின்னர் அது நூற்றுக்கு 80 என்ற அளவுக்குத் தளர்ந்தது. அதனால் ஊருக்குள் ஒருவர் மற்றவரை நெருக்கும் நிலை வந்தது. பலர் தம் மரவீட்டை அடித்தளத்திலிருந்து பெயர்த்து, வெற்றுப் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, படகுகளால் இழுத்துச் சென்றனர். வீடு கடலில் மிதந்து போக, மாதாகோவிலும் கல்லறையும் பின்னே தங்கின. பிள்ளைகளுக்குக் கல்வி கிடைத்தது உண்மை. எந்த முனையில் எந்த அலையொலி என்ற பல தலைமுறை அறிவு பயனற்றுப் போனதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதே வரலாற்று மாணவனுக்கு அழகு.

இதே காலத்தில் கடலிலும் பெருமாறுதல் நேர்ந்தது. பல நாடுகளின் பெரிய இழுவலைக் கப்பல்கள், பிடித்த மீனைக் கப்பலிலேயே உறையவைக்கும் எந்திரங்களோடு வந்தன. நூற்றாண்டுகளாக ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் டன்னைத் தாண்டாதிருந்த வடபகுதிக் காட் மீன் பிடிப்பு 1968-இல் 8 இலட்சம் டன்னை எட்டியது. 1977-இல் கனடா 200 கடல்மைல் வரை தன் ஆட்சியை விரித்து அயல்நாட்டுக் கப்பல்களை விலக்கியது; ஆனால் அவ்விடத்தைத் தன் நாட்டு இழுவலைக் கப்பல்களால் நிரப்பியது. 1980-களின் நடுவில் கரையோரச் சிறுபடகு மீனவர்கள் ‘மீன் குறைகிறது, வரும் மீனும் சிறுத்துவிட்டது’ என்று முறையிட்டனர். அதிகாரிகளின் கணக்கோ மீன் பெருகுவதாகக் காட்டியது. இம்முரண்பாட்டுக்குக் காரணம் உண்டு. தொகை குறையக் குறைய எஞ்சிய மீன்கள் சில இடங்களில் திரண்டு கூடின; கூட்டத்தைத் தேடிப்பிடிக்கும் கருவி உடைய பெருங்கப்பல்களுக்கு அதனால் குறைவே தெரியவில்லை. அவற்றின் பிடிப்பை வைத்துக் கடலை அளந்தவர்கள் ஏமாந்தனர். ஒரே துறையில் தங்கி மீன் வருமா என்று காத்திருந்தவனுக்கே உண்மை தெரிந்தது. அவன் சொல் ஏடேறவில்லை.

1992 சூலை 2-ஆம் நாள் கனடா அரசாங்கம் வடபகுதிக் காட் மீன்பிடிப்பைத் தடை செய்தது. ஐந்நூறு ஆண்டுத் தொழில் ஒரே நாளில் நின்றது. அம்மாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கென்று வந்த தடை 32 ஆண்டுகள் நீடித்தது. 1991-இல் 5,68,000 ஆக இருந்த மாகாண மக்கள்தொகை 2001-இல் 5,13,000 ஆயிற்று. நண்டும் இறாலும், கடலடி எண்ணெயும் ஓரளவு கைகொடுத்தன. 2024-இல் தடை நீக்கப்பட்டு, அவ்வாண்டுக்கு 18,000 டன் மட்டும் பிடிக்க இசைவு தரப்பட்டது. அதுவும் மிகுதியா என்ற வழக்கு அங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இக்கரைக்கும் தமிழர்க்கும் ஓர் உறவு உண்டு. அதைக் கூறாமல் விட என் மனம் ஒப்பவில்லை. 1986 ஆகஸ்டு 11-ஆம் நாள், தீவின் தென்முனையில் செயின்ட் ஷாட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தவர்கள் 155 பேர். 1983-இல் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைகளுக்குப் பின் நாட்டைவிட்டு நீங்கி, மேற்கு ஜெர்மனியை அடைந்து, அங்கிருந்து ஒரு கப்பலில் வந்த தமிழர்கள் அவர்கள். பொருள் பெற்று அழைத்து வந்த கப்பல், கரை அருகில்தான் என்று சொல்லி நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. உணவு தீர்ந்து, திசை தெரியாமல் தவித்த அவர்களைக் கஸ் டால்டன் என்ற மீன்படகுத் தலைவர் கண்டார். அவரும் பக்கத்துப் படகினரும் அவர்களை ஏற்றிக்கொண்டனர். கையிலிருந்த உணவையும் நீரையும் பகிர்ந்தளித்தனர். பின்னர்ச் செயின்ட் ஜான்ஸ் நகரில் பல்கலைக்கழக விடுதியில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். எந்த நாட்டிலிருந்து கப்பல் ஏறினர், ஏன் மறைத்தனர் என்று கனடாவில் அப்போது பெரும் வாதம் எழுந்தது. முடிவில் அரசாங்கம் அவர்களைத் தங்க விட்டது. மீனவர்கள் அவ்வாதத்திற்காகக் காத்திருக்கவில்லை. பனிக்குள் குரல் கேட்டது, பதில் கொடுத்தனர், அவ்வளவுதான். 2016-இல், முப்பது ஆண்டுகள் கழித்து, கரையேறியவர்களுள் சிலர் அங்கே திரும்பிச் சென்று நன்றி கூறினர்.

மாணவ நண்பர்களே, மன்னர் பெயர்களும் சட்டங்களின் ஆண்டுகளும் வரலாற்றில் வேண்டுவனவே. அவற்றோடு இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பழகுங்கள்: ஓர் இடத்தை உண்மையில் அறிந்திருந்தவர் யார்? அதைப்பற்றி முடிவு செய்தவர் யார்? பியோதுக் மக்கள் கரையை அறிந்திருந்தனர், அதை இழந்தனர். பரணில் மீன் உலர்த்திய பெண் மீனின் தரத்தை அறிந்திருந்தாள்; விலையை வேறொருவன் வைத்தான். சிறுபடகு மீனவன் கடலின் நிலையை அறிந்திருந்தான். கணக்கை வேறொருவர் எழுதினர். அறிவும் அதிகாரமும் இவ்வாறு பிரிந்து நிற்கும் நாட்டில் எவ்வளவு பெரிய செல்வமும் ஒருநாள் தீரும். நீங்கள் நாளை ஆசிரியராகவோ, அதிகாரியாகவோ, பொறியறிஞராகவோ ஆகி ஏதேனும் ஓர் ஊரைப்பற்றி முடிவு செய்ய நேரும்போது, அவ்வூரின் அலையொலியை அறிந்தவரை முதலில் அழைத்துக் கேளுங்கள்.